சிட்டுக்குருவியின் வால்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். கிரிக்கெட், விடுதிச் சாப்பாடு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள், எனக்கு மிஞ்சியது ஓய்வெடுத்த பிறகு லண்டனில் ஒரு மாலை வகுப்பில் எகிப்தியச் சித்திர எழுத்துப் படித்த கதைதான்.

எட்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் அந்த எழுத்தின் படம் ஒன்று இருந்தது. பாடம் நடக்கும்போதே அதைக் கொப்பியின் பின்பக்கத்தில் பார்த்து வரைந்து மாஸ்டரிடம் பிடிபட்டேன். அடி விழவில்லை. "சரி, என்ன எழுதியிருக்கு? வாசி பாப்பம்" என்றார். வகுப்பே சிரித்தது.

வாசிக்க ஐம்பது வருடம் பிடித்தது. படம் பார்த்துக் கதை சொல்லும் எழுத்து இல்லை இது. ஆந்தை என்றால் 'ம்', வாய் என்றால் 'ர்', நீரலை 'ந்'. இப்படி ஒற்றை ஒலிக்கு 24 குறிகள், அதற்கு மேல் இரண்டு மூன்று மெய்யைச் சேர்த்துச் சொல்பவை நூற்றுக்கணக்கில். உயிரெழுத்தை எழுதவே மாட்டார்கள்! அறிஞர்கள் இடையில் ஒரு 'எ' போட்டுச் சமாளிக்கிறார்கள், உயிர்மெய் சொல்லி வளர்ந்த நமக்கு அது பெரிய கரைச்சல். பூனை மட்டும் லேசு: 'மியு' என்று ஒலியை எழுதி, இது பூனைதான் என்று காட்டக் கடைசியில் ஒரு பூனையையும் இருத்திவிடுவார்கள். வலமிருந்தும் எழுதுவார்கள், இடமிருந்தும் எழுதுவார்கள். பறவைகளும் ஆட்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான் மாட்டியது குருவியில். தகைவிலான் குருவி போட்டால் 'பெரிய'. சிட்டுக்குருவி போட்டால் சின்னது, கெட்டது என்ற பக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் வால் மட்டும்தான்: முன்னதற்குப் பிளந்த வால், பின்னதற்கு உருண்ட வால். நான் எல்லாவற்றுக்கும் ஒரே வாலை வரைந்து கொடுக்க, தாள் முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அதே மாஸ்டர்தான் எங்களுக்குத் தமிழும். 'பல்லிக்கூடம்' என்று எழுதியதற்கு ஐம்பது தரம் எழுத வைத்தவர் நினைவுக்கு வந்தார்.

வகுப்பு முடிந்ததும் மனைவியைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். பிரெஞ்சு அறிஞர் ஷம்பொல்லியோன் 1822இல் இந்த எழுத்தின் பூட்டைத் திறக்க உதவிய ரொசெட்டாக் கல்லைச் சுற்றி வழக்கம்போலக் கூட்டம், எட்டிப் பார்க்கவே முடியவில்லை. தள்ளிப்போய், ஆளில்லாத ஒரு நடுகல்லின் முன்னால் நின்று விரலால் காற்றில் கோடு போட்டு வாசித்தேன். 'அரசன் அளிக்கும் படையல்' என்று தொடங்கியது. 'அரசன்' கடைசியாகத்தான் வாசிக்க வேண்டிய சொல், மரியாதைக்காக அதை முன்னால் எழுதியிருந்தார்கள். அப்புறம், இறந்தவருக்கு ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பியர்.

"இவ்வளவு கல்லுக்கை பியர் மட்டும் வடிவாத் தெரியுது உங்களுக்கு" என்றாள் மனைவி.