ஸ்மால்மவுத் பாஸ் தேடி: இந்தக் கோடையில் மூன்று பயணம்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஏரிகளில் கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) போட்டு லார்ஜ்மவுத் பாஸ் என்கிற மீனைப் பிடித்துப் பழகியவன் நான். இந்த வருஷம் ஓடும் ஆற்றில் அதன் உறவான ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்க வேண்டும் என்று ஆசை. எந்த ஆற்றில், எந்த இடத்தில், என்றைக்கு இறங்குவது என்பதைக் கண்டுபிடிக்கவே பாதிக் கோடை போய்விட்டது.

முதலில் ரப்பஹானக் ஆறு. சாட்டிலைட் படத்தில் அகலமாக, நிறைவாகத் தெரிந்தது. அந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று யோசிக்காமல் ஜூலையில் போய் இறங்கினேன். பல இடங்களில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பாதி தூரம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே நடந்தேன். கிடைத்தது இரண்டு குஞ்சு மீன்.

தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று போகும் முன்பே பார்க்க வழி உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பு ஆறுகளில் அளவுமானி வைத்திருக்கிறது. பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து இணையத்தில் போடுகிறார்கள். வினாடிக்கு இத்தனை கன அடி! மேட்டூர் நீர்வரத்துச் செய்தி கேட்டு வளர்ந்த எனக்கு அந்த அலகு சொந்தக்காரர் மாதிரி. ஆனால் ஒரே எண் ஒரு ஆற்றில் வெள்ளம், இன்னொன்றில் வறட்சி. அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் அன்றைய எண்ணையும் கண்ணால் பார்த்ததையும் நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

அடுத்து தேர்ந்தெடுத்தது ஷெனன்டோவா ஆற்றின் தென்கிளை. போர்ட் ரிபப்ளிக்கில் தொடங்கி, மசனட்டன் மலைக்கும் ப்ளூ ரிட்ஜுக்கும் நடுவே வளைந்து வளைந்து வந்து, ஃபிரன்ட் ராயலில் வடகிளையோடு சேர்கிறது. வயலில் வரப்பு போட்ட மாதிரி ஆற்றின் குறுக்கே பாறை வரிசைகள். மேலிருந்து எடுத்த படத்தில் அவை வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். இப்போது நான் படத்தில் முதலில் தேடுவது அந்தக் கோடுகளைத்தான். கல் இருந்தால் கிரேஃபிஷ் (இறால் மாதிரி ஒரு நன்னீர் உயிரி) இருக்கும். கிரேஃபிஷ் இருக்கும் இடத்தை ஸ்மால்மவுத் விடாது.

முதல் தடவை அங்கே போனபோது 2,600 கன அடி. முந்தின நாள் மழை. தண்ணீர் டீ நிறத்தில் ஓடியது. கயாக்கை இறக்கவே இல்லை, திரும்பிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து 850. சைக்கிளை காரோ படித்துறையில் பூட்டி வைத்துவிட்டு, பென்டன்வில் பாலத்தருகே இறங்கினேன். (கரையேறியதும் சைக்கிளில் திரும்பிப் போய் காரை எடுக்கலாம். தனியாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.) ஓடும் தண்ணீரில் நங்கூரம் போடாதீர்கள், கயாக் சட்டென்று கவிழ்ந்துவிடும். நான் கூழாங்கல் திட்டில் கயாக்கை ஏற்றி வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் வீசினேன்.

மூன்றாவது பாறை வரப்புக்குக் கீழே, வேகத் தண்ணீரும் நின்ற தண்ணீரும் உரசிக்கொள்ளும் கோட்டில் ட்யூப் என்கிற ரப்பர் இரையை விழவிட்டேன். தூண்டில் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. இழுத்ததும் இரண்டு முறை முழு உடம்போடு மேலே துள்ளியது. 16 அங்குலம். வெண்கல நிறம், பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கருமையான பட்டைகள், ரத்தச் சிவப்பில் கண். வாயின் ஓரம் கண்ணைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் லார்ஜ்மவுத். தண்ணீருக்குள்ளேயே இரு கையால் தாங்கிப் பிடித்திருந்தேன், உதறிக்கொண்டு போய்விட்டது. அன்று மொத்தம் 11 மீன், எல்லாம் கல்லுக்குப் பின்னால்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஆற்றின் மேற்பகுதியில் வேன்ஸ்பரோ ஊரில் பல ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையிலிருந்து கலந்த பாதரசம் இன்னும் இந்த ஆற்று மீன்களில் இருக்கிறது. சாப்பிடுவதற்கு அரசு எச்சரிக்கையும் உண்டு.

இந்த மீன் இந்தப் பக்கத்து மீனே இல்லை. 1854இல் ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் கொண்டுவந்து, மேரிலாந்தின் கம்பர்லண்டில் பொட்டோமேக் ஆற்றங்கரைக் கால்வாயில் விட்டார்கள். அந்தப் பொட்டோமேக்கில்தான் ஷெனன்டோவா கலக்கிறது.

நோட்டில் தென்கிளைக்கு இப்போது இரண்டு வரி: 850 அருமை, 2,600 வேண்டாம். 500க்குக் கீழே எப்படி என்று செப்டம்பரில் பார்க்க வேண்டும். அதற்கு முன் வடகிளை. ஸ்ட்ராஸ்பர்க் அளவுமானியை இரண்டு வாரமாகத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.