ஒரே பதிவுப் படிவம், இரண்டு எண்ணிக்கைகள்

நான் பணியாற்றிய ஒரு செயலியின் பதிவுப் படிவத்தைக் கூகுள் அனலிட்டிக்ஸ் 4, மிக்ஸ்பேனல் ஆகிய இரண்டு பயனர் கண்காணிப்புக் கருவிகளிலும் ஒரே வாரம் கண்காணித்தோம். முதலாவது காட்டிய எண்ணிக்கை கணிசமாகக் கூடுதலாக இருந்தது. எந்தக் கருவி பொய் சொல்கிறது என்று இரண்டு நாள்கள் தேடினேன். இரண்டும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. முதலாவதில் 'பதிவு' என்ற ஈவென்ட்டை, அதாவது பயனர் செயலைக் குறிக்கும் பதிவை, பட்டனை அழுத்தியவுடன் பிரவுசரிலிருந்து அனுப்பியிருந்தோம். மற்றதில் கணக்கு உருவான பிறகு சர்வரிலிருந்து அனுப்பியிருந்தோம். கடவுச்சொல் விதிக்குப் பொருந்தாமல் மூன்று முறை அழுத்தியவர் ஓரிடத்தில் மூன்று பதிவுகளாகவும், மற்றோரிடத்தில் ஒன்றுமே இல்லாதவராகவும் இருந்தார்.

கூகுளின் முந்தைய கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸின் வழக்கமான கணக்குகள் 2023 ஜூலை 1-இல் தரவு சேர்ப்பதை நிறுத்தின. அதன் இடத்துக்கு வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4-உம் ஈவென்ட்களையே அடிப்படையாகக் கொண்டிருப்பதால், அதுவும் மிக்ஸ்பேனல், ஆம்ப்ளிட்யூட் போன்றவையும் ஒன்றே என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படியில்லை. வருபவர் தேடலிலிருந்து வந்தாரா, விளம்பரத்திலிருந்து வந்தாரா என்பதை அறிய முன்னதுதான் வசதி. முதல் வாரத்தில் பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் நான்காம் வாரமும் திரும்பி வந்தார்கள், ஃபனலின், அதாவது பதிவு வரை கடக்க வேண்டிய படிவரிசையின், எந்தப் படியில் விலகினார்கள் என்று கேட்டால், ஒவ்வொரு பயனரையும் மையமாக வைத்துக் கட்டப்பட்ட பின்னவைதான் கைகொடுக்கும். ஆனால் அவற்றில் அடையாளத்தைக் கையாள்வதில் மிகுந்த கவனம் வேண்டும்: ஒருவர் வெளியேறும்போது பழைய அடையாளத்தை நீக்க மறந்துவிட்டால், அதே கணினியில் அடுத்து அமர்பவரின் செயல்கள் முன்னவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

பிளாசிபிள் என்ற மற்றொரு கருவி, பயனரை நினைவில் வைக்கப் பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு தரவான குக்கியை வைப்பதில்லை. ஒருவரை அடையாளம் காணும் குறியீடு நாள்தோறும் மாறுவதால், இன்று வந்தவர் நாளை வந்தாலும் புதியவராகவே எண்ணப்படுவார். கட்டுரைத் தளத்துக்கு அது போதும். திரும்பி வருவோரின் கணக்கை அதனிடம் கேட்கக் கூடாது. தரவு தம் சர்வரிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு, முன்பு பிவிக் என்று அறியப்பட்ட மடோமோ என்ற கருவியைத் தயங்காமல் சொல்வேன்.

எந்தக் கருவியானாலும் பிரவுசரை மட்டும் நம்பினால் இடைவெளி விழும். ஆப்பிளின் சஃபாரி பிரவுசரில், பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வைக்கும் குக்கி 7 நாள்களுக்கு மேல் நிலைப்பதில்லை. பத்து நாள் கழித்து வரும் பழைய வாசகர் அங்கே புதியவர். கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் எக்ஸ்ப்ளோரேஷன்கள் என்ற விரிவான ஆய்வு அறிக்கைகளுக்கான தரவு, இயல்பான அமைப்பில் 2 மாதங்களே இருக்கும். அதை முதல் நாளே 14 மாதங்களாக மாற்றிவிட வேண்டும். அழிந்த தரவு மீளாது.

எங்கள் படிவத்துக்கு வருகிறேன். பட்டன் ஈவென்ட்டை நீக்கவில்லை. 'பதிவு முயற்சி' என்று பெயர் மாற்றி, 'பதிவு முடிந்தது' என்பதைச் சர்வரிலிருந்து மட்டும் இரு கருவிகளுக்கும் அனுப்பினோம். அந்த இரு ஈவென்ட்களின் எண்ணிக்கைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை ஆராய்ந்தபோது, கடவுச்சொல் விதி, பிழை நேர்ந்த பின்னரே திரையில் தோன்றுவது தெரிந்தது. விதியைப் பெட்டியின் மேலேயே எழுதிவைத்தோம்.