ஃபில்லர் நாட்குறிப்பு: எந்த ஜெல், எந்த அடுக்கு, எந்த ரத்தக்குழாய்

2025 மார்ச் 4, செவ்வாய்

ஃபில்லரையும் போடாக்ஸையும் ஒன்றென்று நினைத்து வருபவர்கள் இன்னும் குறையவில்லை. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். ஃபில்லர் என்பது ஊசியால் ஏற்றும் நிரப்பி. அது தசையின் வேலையில் தலையிடாது, முகத்தில் வற்றிப்போன இடத்தை அடியிலிருந்து நிரப்பித் தூக்கும். 1981இல் அமெரிக்காவில் ஃபில்லராக அனுமதி பெற்றது மாட்டுக் கொலாஜன், தோலில் உள்ள ஒரு புரதம். ஒவ்வாமை பயத்தால் அதற்கு முன்கூட்டியே தோல் சோதனை தேவைப்பட்டது. 2003இல் ரெஸ்டிலேன் என்ற ஃபில்லர் அங்கே அனுமதி பெற்றபின் ஹயலூரானிக் அமில ஜெல்லின் காலம் தொடங்கியது.

இந்த அமிலம் நம் தோலிலேயே இருப்பதுதான். அப்படியே ஏற்றினால் ஓரிரு நாளில் உடம்பு கரைத்துவிடும். அதனால் பிடிடிஇ என்ற வேதிப்பொருளால் இழைகளைக் குறுக்கே பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். புழக்கத்தில் உள்ள பல ஜெல்களில் ஒரு மில்லிக்கு 20 முதல் 24 மில்லிகிராம் அமிலம். ஒரு சிரிஞ்ச் பெரும்பாலும் 1 மில்லி, அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. “ஒரே சிரிஞ்சில் முகமே மாறிடுமா?” என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் போதும்.

மார்ச் 6, வியாழன்

ஜெல்லின் பதம்தான் முதல் தேர்வு. கன்னத்து எலும்பின் மேலும் தாடையிலும் கெட்டியானது வேண்டும். அழுத்தினாலும் உருக்குலையாமல் நிற்க வேண்டுமே. உதட்டுக்கு இளகியது, பேசும்போதும் சிரிக்கும்போதும் கூடவே அசைய வேண்டும். கெட்டி ஜெல்லை உதட்டில் வைத்தால் கட்டியாகத் தட்டுப்படும்.

அடுத்தது ஆழம். கன்னத்தில் ஊசி எலும்பைத் தொட்டபின் 0.1, 0.2 மில்லி என்று சிறு சொட்டுகளாக வைப்பது வழக்கம். கண்ணுக்கடியில் உள்ள பள்ளத்துக்கு ஒரு பக்கத்துக்கு 0.2 முதல் 0.4 மில்லி, அதுவும் தசைக்குக் கீழே. அங்கே மேலோட்டமாக வைத்தால் தோல் வழியே நீலம் பாய்ந்து தெரியும். அது ரத்தக்கட்டு இல்லை, ஜெல்லில் ஒளி சிதறுவது. நாள்பட்டாலும் போகாது, கரைத்தால்தான் போகும். குறைவாக வைத்து இரண்டு வாரம் கழித்துக் கூட்டலாம். கண்ணடியில் ஒரே அமர்வில் முடித்துத் தருவதாகச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

மார்ச் 10, திங்கள்

இந்தத் தொழிலில் உண்மையான பயம் ஒன்றுதான்: ஜெல் ரத்தக்குழாய்க்குள் போவது. மூக்கு, புருவமத்தி, மூக்கோரத்து மடிப்பு ஆகியவை ஆபத்தான இடங்கள். அங்குள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்திருக்கின்றன. வேகமாக அழுத்தினால் ஜெல் எதிர்த்திசையில் போய், அழுத்தம் தளர்ந்ததும் ரத்த ஓட்டத்தோடு விழித்திரைக்கு வந்து அடைக்கும். விழித்திரைக்கு அவகாசம் நிமிடக் கணக்கில்தான். போன பார்வை திரும்புவது அரிது.

எனவே மெதுவாக, சிறிது சிறிதாக, ஊசி முனை நகர்ந்துகொண்டே இருக்க ஏற்ற வேண்டும். ஊசிக்குப் பதிலாகப் பயன்படும், முனை மழுங்கிய 25 கேஜ் கானுலா என்ற குழல் ரத்தக்குழாயைத் துளைக்கும் வாய்ப்பு குறைவு. மெல்லிய கானுலாவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. பிஸ்டனைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டாலும் உள்ளே இல்லை என்று உறுதி கிடையாது, ஊசிக்குள் இருக்கும் ஜெல்லே வழியை அடைத்திருக்கலாம்.

அடைத்தால் தோல் சட்டென வெளுக்கும், பிறகு வலைப்பின்னல் போல ஊதா படரும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மூன்று, நான்கு என்று இழுத்தால் சந்தேகம்தான். சாதாரண ரத்தக்கட்டில் நிறம் திரும்பும். வலி இல்லையே என்று சும்மா இருக்கக் கூடாது. ஜெல்லில் கலந்துள்ள 0.3 சதவீத லிடோகெயின் வலியை மறைத்துவிடும்.

உடனே ஹயலூரானிடேஸ், அதாவது ஜெல்லைக் கரைக்கும் நொதி, ஏற்ற வேண்டும். உதடு மட்டும் பாதித்தால் 500 யூனிட் வாக்கில், மூக்கும் சேர்ந்தால் 1000. பாதித்த பகுதி முழுக்க ஏற்றித் தேய்த்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் நிறம் திரும்பவில்லையென்றால் மறுபடி அதே அளவு. இந்த அவசரத்தில் இந்த நொதிக்கான ஒவ்வாமைத் தோல் சோதனைக்குக் காத்திருப்பதில்லை, ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கையருகே இருக்க வேண்டும். பார்வை மங்கினால் அந்த நிமிடமே கண் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கையிருப்பில் ஹயலூரானிடேஸ் இல்லாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள். இருக்கிறதா என்று கேட்டு, எடுத்துக் காட்டச் சொல்லலாம், தப்பே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

வீக்கம் முதல் இரண்டு நாள் உச்சம், உதட்டில் இன்னும் கூடுதலாகத் தெரியும். அதைப் பார்த்து அளவை எடைபோட வேண்டாம். ஒரு நாள் மேக்கப்பும் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம். பல் சிகிச்சையை முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளிவையுங்கள், வாய்க் கிருமி ரத்தம் வழியே ஜெல்லில் போய்த் தங்கலாம்.

மார்ச் 15, சனி

மாதங்கள் கழித்து, காய்ச்சலுக்குப் பிறகோ தடுப்பூசிக்குப் பிறகோ, ஜெல் வைத்த இடம் தடித்துச் சிவப்பதுண்டு. சில சமயம் அது தானே அடங்கும். சூடும் வலியும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். தேய்த்துவிடக் கூடாது.

ரேடியெஸ் போன்ற கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் ஃபில்லர் ஹயலூரானிடேஸில் கரையாது. பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் நுண்மணிகள் நிரந்தரம், வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். முதல்முறை போடுபவருக்குக் கரைக்கக்கூடியதே சரி என்பது எங்கள் பிடிவாதம். ஆறு முதல் பதினெட்டு மாதம் நிற்கும் என்பார்கள். எம்ஆர்ஐயில் பல ஆண்டுகள் கழித்தும் மிச்சம் தெரிவதுண்டு. ஆகவே தேதி வந்துவிட்டதென்று மறுபடி போடாமல், தொட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

சிரிஞ்ச் பெட்டியில் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைச் சொல்லும் எண்) அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி, எந்த இடத்தில் எத்தனை மில்லி என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வேறு மருத்துவர் கரைக்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.