மங்களத்தில் மட்டும் சிதறுகிறது

5 ஜனவரி 2025, ஞாயிறு

காலையில் ஒரு பழைய கச்சேரி எல்.பி. இசைத்தட்டு போட்டேன். வர்ணம், கீர்த்தனை, தனி எல்லாம் சுகமாகப் போயின. இரண்டாம் பக்கக் கடைசியில் மங்களம் வந்ததும் பாடகியின் ஒவ்வொரு ‘ச’வும் ‘ஸ’வும் ஷ்ஷ் என்று சிதறியது. தட்டுதான் தேய்ந்துவிட்டதோ என்று வேறொரு கச்சேரியைப் போட்டேன். அதிலும் மங்களத்தில்தான் வம்பு.

மங்களம் கடைசியில் வரும். தட்டில் கடைசி என்றால் லேபிளை ஒட்டிய உள்வட்டம். தட்டு சுற்றுவது எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிற க்ரூவ் (பாட்டு பதிந்திருக்கும் பள்ளம்), லேபிள் பக்கம் வரும்போது 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே ‘ஸ’வை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். என் ஊசியின் நுனி அந்த நெரிசலுக்குள் போக முடியாமல் மேலோடு வழுக்கிக்கொண்டு போகிறது.

இருக்கிற டர்ன்டேபிள் டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்கே2, மூன்றாம் கை. முன்பு வைத்திருந்தவர் பின்பக்க வயரை வெட்டி எடுத்துவிட்டு ஆர்.சி.ஏ. சாக்கெட் வைத்திருந்தார். ஊசியைத் தாங்குகிற ஆர்முக்குள் இருந்த வயரையும் மாற்றியிருந்தார். ரப்பர் பாயும் காலும் நான் மாற்றியவை. கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி) மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை அதே ஆடியோ-டெக்னிக்கா வி.எம்.95இ. நீள்வட்ட ஊசி.

8 ஜனவரி, புதன்

பெரம்பூர் அண்ணனிடம் போனில் சொன்னேன். பதில் தயாராக வைத்திருந்தார். “தம்பி, குரலுக்கு டெனான் 103-ஐ விட்டா வேற எது? யோசிக்காம வாங்கிப் போடு.”

ஆசை வந்துவிட்டது, பொய் சொல்வானேன். அவர் சொன்ன கார்ட்ரிட்ஜ், டி.எல்-103, 1960-களில் ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்புக்காக உருவானது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. ராத்திரி காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆர்மின் எடையையும் (தராசு எடை அல்ல, ஆடும்போது ஊசி உணரும் எடை; எஸ்.எல்-1200-க்கு 12 கிராம்) கார்ட்ரிட்ஜ் எடையையும் திருகு எடையையும் கூட்டி, ஊசித்தண்டு எவ்வளவு இளக்கமாக வளைகிறது என்ற எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால் ஆர்மும் ஊசியும் சேர்ந்து ஆடும் அதிர்வெண் கிடைக்கும். 8-லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் தட்டின் கோணல் ஆட்டிவைக்கும், மேலே போனால் பாட்டே ஆட்டிவைக்கும்.

103-க்கு 11 சொச்சம் வந்தது. பாஸ். ஆனால் அதன் நுனி கூம்பு வடிவம், 0.65 மில் ஆரம். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் நீள்வட்ட ஊசியின் பக்கவாட்டு ஆரம் 0.3 மில், அதுவே மங்களத்தில் திணறுகிறது. கூம்பை வைத்தால் இன்னும் மோசம்தான். போதாததற்கு அது தருவது 0.3 மில்லிவோல்ட், கார்ட்ரிட்ஜின் சன்ன சிக்னலைப் பெருக்குகிற என் ஃபோனோ ப்ரீஆம்புக்கு அது போதாது, முன்னால் டிரான்ஸ்பார்மர் ஒன்று தனியாக வாங்க வேண்டும். அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லப் போவதில்லை.

9 ஜனவரி, வியாழன்

அடுத்த கார்ட்ரிட்ஜ், ஆர்ட்டஃபோன் 2எம் ப்ளூ: கணக்கில் 8-க்கு ஒரு மயிரிழை கீழே. ஓட்டலாம். ஆனால் அதுவும் நீள்வட்டம்தான். உடம்பையே கழற்றி வேறு மாட்டி, எல்லா அளவையும் மறுபடி பிடிக்க வேண்டும். வேண்டாம்.

11 ஜனவரி, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். வயர் வாங்கப் போய் வேறொரு வில்லங்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன்.

கடைக்காரரிடம் எல்.சி.ஆர். மீட்டர் இருந்தது, வயரின் மின்தேக்கத்தை (கெபாசிட்டன்ஸ்) அளப்பது. என் பழைய சிக்னல் வயரை நீட்டினேன். இரண்டு மீட்டர், கறுப்பு, தடியாக, பார்க்க ஜோராக இருக்கும். மீட்டரைப் பார்த்துவிட்டு, “சார், இது மைக் வயரு. டர்ன்டேபிளுக்கு இதையா போட்டிருக்கீங்க?” என்றார். 190 பிகோஃபாரட். ப்ரீஆம்பின் உள்ளே 220. ஆர்ம் வயரைச் சேர்க்காமலே 410. வி.எம்.95-க்கு 100-லிருந்து 200-க்குள் போதும் என்று தயாரிப்பாளரே அச்சடித்திருக்கிறார்.

கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கம்பிச்சுருளின் (காயில்) மின்தூண்டல் 550 மில்லிஹென்றி. அதோடு 410 பிகோஃபாரட் சேர்ந்தால் 10.6 கிலோஹெர்ட்ஸில் ஒரு மேடு எழும்பும், அந்த இடத்து ஒலி மட்டும் தூக்கலாகிவிடும். ‘ஸ’வின் சீறலுக்கு நெய் ஊற்றுகிற இடம். இத்தனை வருஷம் பாடகியைத் திட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ப்ரீஆம்பைத் திறந்து 220 பிகோஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 47 வைத்தேன். மெல்லிய ஷீல்டு வயரில் 80 சென்டிமீட்டர் வெட்டி பிளக் பற்றவைத்தேன். ஆர்ம் வயரோடு சேர்த்து 150 பக்கம் வந்தது. மேடு இப்போது 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. அங்கே என் காதும் இல்லை.

போட்டுக் கேட்டேன். மற்ற பாட்டுகளில் இருந்த, இருந்ததே எனக்குத் தெரியாத ஒரு கூச்சல் போய்விட்டது. மங்களம் பாதி சரியாயிற்று. மீதிப் பாதிக்கு ஊசிதான் பதில் சொல்ல வேண்டும்.

13 ஜனவரி, திங்கள், போகி

“இந்தத் தட்டுங்க எல்லாம் போகிக்கு உண்டா?” என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டே கேட்டாள், ஆனால் கேட்டாள். தெருவெல்லாம் புகை. டர்ன்டேபிள் மூடியைத் திறக்கவேயில்லை.

வி.எம்.95எம்.எல் ஊசிக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். உடம்பு அதேதான், ஊசியை மட்டும் மாற்றினால் போதும். மைக்ரோலைன் நுனி, பக்கவாட்டு ஆரம் 0.12 மில். அவர்கள் கணக்கில் ஆயிரம் மணி நேரம் ஓடும், என் நீள்வட்டம் 300 தான்.

19 ஜனவரி, ஞாயிறு

பார்சல் வந்தது. பெட்டியின் சீல் ஏற்கெனவே யாரோ பிரித்து ஒட்டியது. நகைக்கடையில் கண்ணில் மாட்டுவார்களே, அந்த லென்ஸில் பார்த்தேன். ஊசித்தண்டு இடது பக்கம் சாய்ந்து நின்றது. திருப்பி அனுப்பிவிட்டு வேறு இடத்தில் ஆர்டர். விற்றவரோடு வாதாடியதில் ஒரு ஞாயிறு போயிற்று.

25 ஜனவரி, சனி

நல்ல ஊசி வந்தது. ஹெட்ஷெல்லை (ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் பகுதி) கழற்றி, பழைய ஊசியை உருவி, புதியதன் பின்பக்கத்தைச் செருகி முன்பக்கத்தை அழுத்தினால் ‘டிக்’. அவ்வளவுதான். ஊசி தட்டை அழுத்தும் பாரம் நகைத் தராசில் 1.98 கிராம், 2.00 வரும்வரை பின் எடையைத் திருகினேன். ஹெட்ஷெல் ஆர்மில் செருகும் பின் ஓரத்திலிருந்து ஊசி நுனிவரை 52 மில்லிமீட்டர். இதை மட்டும் மூன்று தடவை அளந்தேன், இந்த நுனி கோணல் பொறுக்காது.

மங்களம் போட்டேன். ‘ஸ’ என்றால் ‘ஸ’. எழுந்து போய் ஒலியைக் குறைக்க வேண்டியிருக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

26 ஜனவரி, ஞாயிறு

தலைகீழாக ஒன்று. மூர் மார்க்கெட்டில் வாங்கிய நாதஸ்வரத் தட்டு, லேபிளில் ஏதோ மைக்செட்காரர் பெயர் ரப்பர் ஸ்டாம்ப்பில் இருக்கும். எத்தனை கல்யாணத்தில் எத்தனை கனமான ஊசி உழுததோ! புது ஊசி அந்த உழவை ஒன்று விடாமல் வாசித்துக் காட்டியது. பழைய நீள்வட்டத்தை மாட்டினேன். பத்து நொடி வேலை. கரகரப்பு அடங்கி நாதஸ்வரம் முன்னால் வந்தது.

பழைய ஊசியின் பெட்டிமேல் ஸ்கெட்ச் பேனாவால் ‘மைக்செட்’ என்று எழுதி அலமாரியில் வைத்தேன்.