பாங்காக்கில் கவுச்சி படாமல் சாப்பிட

பட்டன், லேஸ், துணி பார்க்கத் திருப்பூரிலிருந்து பாங்காக் கிளம்புகிறவர்களும் கோவையிலிருந்து டூர் போகிறவர்களும் கேட்கும் முதல் கேள்வி: "அங்க சைவம் கெடைக்குங்களா?" தாராளமாகக் கிடைக்கும். பால், நெய்கூடத் தொடாதவர்களுக்கு நம் ஊர் ஓட்டலைவிட அங்கே தேடுவது சுலபம். ஆனால் 'வெஜிடேரியன்' என்று கேட்டால் ஏமாற்றம்தான். கேட்க வேண்டிய சொல் 'ஜே'.

ஜே என்பது தாய்லாந்துச் சீனர்களின் விரதச் சாப்பாடு. கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயமும் கிடையாது. கடை வாசலில் மஞ்சள் துணியிலோ பலகையிலோ சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். இடப்பக்கம் ஒரு நெட்டுக்கோடு, அதன் அடியில் சின்னச் சுழி. வலப்பக்கம் 7 போல வளைந்த ஓர் எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் 17 என்றே படும். தாய் எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும், மஞ்சளில் சிவப்பு 17 என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

'வெஜிடேரியன்' ஏன் உதவாது? தாய்லாந்துச் சமையலில் 'நாம் ப்ளா' என்னும் மீன் சாறு, நமக்கு உப்பு மாதிரி. மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு வடித்த நீர் அது. கறி வேண்டாம் என்றால் கடைக்காரர் உண்மையாகவே கறியைத் தள்ளிவிடுவார்; மீன் சாறும் அசைவக் கணக்கில் வரும் என்று அவருக்குத் தோன்றாது. "மை சை நாம் ப்ளா" (மீன் சாறு ஊற்ற வேண்டாம்) என்று சொன்னால் அது மட்டும் நிற்கும். காய் வதக்கலில் ஊற்றும் 'நாம் மன் ஹோய்', சிப்பிச் சாறு. பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு விழுதில் கபி என்ற இறால் விழுதைச் சேர்த்தே அரைத்திருப்பார்கள். அரைத்த மசாலாவிலிருந்து எதைப் பிரிப்பது? தோம் யாம் என்ற புளிப்புக் கார சூப்பில் போடும் மிளகாய் விழுதில் காய்ந்த இறால் இருக்கும். நூடுல்ஸ் சூப்புக்கு அடித்தண்ணீரே எலும்பு வேகவைத்ததுதான். அதனால் சாதாரணக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருப்பது என்னைக் கேட்டால் வீண் வேலை.

தமிழ் நாக்குக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. தாய்லாந்து மொழியில் கோழியும் 'கை', முட்டையும் 'கை'. முட்டைக்கு மட்டும் ககரத்தைக் காற்றோடு அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்கு அந்த வித்தியாசம் வாயில் வராது, தமிழில் எழுதி வைத்தாலும் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். "மை சை கை" என்று முட்டையைத் தவிர்க்கச் சொல்வீர்கள். அவர் கோழியை நிறுத்திவிட்டு முட்டையை உடைத்து ஊற்றுவார். "கின் ஜே" (ஜே சாப்பிடுகிறேன்) என்று இரண்டே சொல் சொன்னால் இந்தக் குழப்பமே இல்லை. 'மங்ஸவிரத்' என்றொரு சொல்லும் உண்டு. மாம்சம், விரதி (விலகல்) என்ற வடசொற்களின் கூட்டு. ஆனால் அதில் முட்டையும் பாலும் சேரும்.

பெரும்பாலான ஜே கடைகளில் காலையிலேயே தட்டுத் தட்டாகப் பதார்த்தங்களை வைத்துவிடுவார்கள். கை காட்டினால் சோற்றின் மேல் இரண்டு வகை வைத்துத் தருவார்கள், 50 பாட் முன்பின் ஆகும். மதியம் தாண்டினால் பண்டம் தீர்ந்து கடையும் மூடிவிடும். சாயங்காலத்துக்கு நம்பி இருக்காதீர்கள். தட்டில் பன்றித் துண்டு, வாத்துத் தோல் மாதிரி தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்தவை அவை. பூண்டு, வெங்காயம் இல்லாததால் நமக்குச் சப்பென்று இருக்கும். வீட்டிலிருந்து 200 கிராம் பருப்புப் பொடியோ கொள்ளுப் பொடியோ கொண்டுபோனால் அந்தச் சோறே அமிர்தம். நல்லெண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், 100 மில்லிக்கு மேல் என்றால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

இரவுக்குச் செவன் லெவன் கடை இருக்கிறது. பொட்டலத்தில் அதே 17 குறி இருக்கிறதா பாருங்கள். சோயா பாலிலும் சில வகையில் பால் பவுடர் சேர்க்கிறார்கள், குறி இருந்தால்தான் நிச்சயம். 'மாமா' என்ற பிராண்டு நூடுல்ஸிலும் ஜே வகை உண்டு.

தெருவில் தைரியமாக நிற்கலாம் என்றால் அது கனோம் க்ரோக் வண்டிக்கு முன்னால்தான். நம் பணியாரக் கல்லைப் போன்ற குழிக்கல்லில் அரிசிமாவுக் கரைசலை ஊற்றி, ஓரம் முறுகத் தொடங்கும்போது சர்க்கரையும் உப்பும் கலந்த தேங்காய்ப் பாலை மேலே விடுவார்கள். அடி மொறுமொறுவென்றும் நடுவில் குழைவாகவும் வரும். தேங்காய்ப் பால் ஊற்றிய சந்தவை சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு உடனே பிடிக்கும். மேலே தூவுவது வெங்காயத்தாளா, சோளமா, காய்ந்த இறாலா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஒட்டரிசிச் சோற்றோடு மாம்பழம் வைத்து அதன்மேல் விடுவதும் தேங்காய்ப் பால்தான். பப்பாளிக்காய் சாலட் வேறு கதை. மீன் சாற்றை நிறுத்தினாலும், காலையிலிருந்து இறாலும் நண்டும் இடித்த உரலிலேயே உங்களுக்கும் இடிப்பார்கள். அதை ஜே கடையில் மட்டும் சாப்பிடுங்கள்.

பாலும் நெய்யும் ஆகும் என்பவர்களுக்குப் பஹுரத் துணிக்கடைத் தெருவில் சீக்கியர் குருத்வாரா இருக்கிறது. காலையில் அங்கே போடும் லங்கர் என்ற பொதுப் பந்தியில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். தலையை மூடிக்கொள்ள வேண்டும். பட்டன், லேஸ் விற்கும் சம்பெங் சந்து பக்கத்திலேயே. சீலோம் பகுதியில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலைச் சுற்றித் தென்னிந்திய ஓட்டல்கள் உண்டு.

புரட்டாசியில் கறி எடுக்காதவர்கள் அந்தச் சமயம் பயணம் வைத்தால் இன்னொரு வசதி. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள் ஜே திருவிழா. 2024-இல் அக்டோபர் 3 முதல் 11 வரை நடந்தது, நம் நவராத்திரியும் அதே 3-ஆம் தேதிதான் தொடங்கியது. சம்பெங்கை ஒட்டிய யாவரத் சீனத் தெரு முழுக்க அப்போது மஞ்சள் கொடிதான். வழக்கமாகப் பன்றி வறுக்கும் வண்டிக்காரர்கூட ஜேவுக்கு மாறிவிடுவார். விழா முடிந்ததும் அவர் பழைய தொழிலுக்குத் திரும்பிவிடுவார், கொடியை மட்டும் சில இடங்களில் கழற்றியிருக்க மாட்டார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு போகிறவர்கள் உட்காரும் முன் தட்டைக் காட்டி "அன் நீ ஜே மை?" (இது ஜேவா?) என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.