அட்டை தெரிய வைத்த புத்தகம்

நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிருந்தேன். குழந்தைகள் பிரிவில் அந்தச் செயற்கை மரத்தைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள்.

முதுகு மட்டும் தெரிய அடுக்கியிருந்த புத்தகங்களை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அட்டை தெரிய நிறுத்தியிருந்த ஒரு யானைக் கதையைத்தான் எடுத்தாள். அப்புறம் அரைமணி நேரம் சத்தமே இல்லை.

சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகர் தேடி வரட்டும் என்று நூலை மூலையில் விட்டுவிடக் கூடாது, அவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பெரிய செலவெல்லாம் வேண்டாம். கிளை நூலகத்தில் வாசலைப் பார்த்த மாதிரி ஒரு மேசை போதும். ஐப்பசியில் மழைக் கதைகள், தை பிறந்தால் நெல்லும் மாடும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் யாராவது குழந்தைகளுக்கு வாய்விட்டுக் கதை வாசிக்கலாம்.

இந்த வாரமே எங்கள் தெரு நூலகரிடம் கேட்கப் போகிறேன். முதல் சனிக்கிழமை வாசிக்க நான் தயார். இரண்டாவது சனிக்கிழமைக்கு யார் வருகிறீர்கள்?