அரிப்புக் கடலோரத்து மாளிகையும் நம் சரித்திர மாஸ்டரும்

நம் சரித்திர மாஸ்டர் காலமான செய்தி மன்னாரிலிருந்து வந்தபோது, லண்டனிலுள்ள நம் பள்ளியின் பழைய மாணவர் பலருக்கும் முதலில் நினைவில் எழுந்தது அவருடைய பிரம்புதான் என்று அறிகிறேன். எனக்கோ, மன்னார் மாவட்டத்து அரிப்பு என்ற ஊரின் கடற்கரையில் செம்மண் மேட்டின் விளிம்பில் நிற்கும் அந்த இடிந்த மாளிகை நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயர் அதை, கிரேக்கத் தூண் பாணி ஒன்றின் பெயரால், டொரிக் என்று எழுதினார்கள். நமக்கு அது, கதைகளில் வரும் அல்லிராணியின் கோட்டை.

மூன்றாந் தவணைச் சுற்றுலாவைப் பற்றி நமக்குள் விளக்கம் தேவையில்லை. வழியில் நானாட்டான் தாண்டியதும் தொடங்கிய பைலாப் பாட்டு, மாஸ்டர் எழுந்து நின்றதும் அடங்கியது. கோட்டையின் முன் எங்களை வரிசையாக நிறுத்தி, இதைக் கட்டியது யாரென்று கேட்டார். அந்தக் கரையில் பிறந்த அம்மம்மாவிடம் கதை கேட்டு வளர்ந்த நான், அல்லிராணி என்றேன். "ராணி கட்டினதுக்கு றசீது வைச்சிருக்கிறியோ?" என்றார். ஓ.எல். பரீட்சை முடியும்வரை என் பெயர் றசீது. இன்றும் ஒன்றுகூடலில் அப்படி அழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சிரிப்பு அடங்குமுன் என் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, உடைந்த தூணொன்றின் பிளவில் விரலை வைக்கச் சொன்னார். கருங்கல்லைப் போலக் கம்பீரமாக நின்ற அந்தத் தூணின் உள்ளே இருந்தது வெறும் செங்கல். அதன்மேல் சிப்பி சுட்டு நீற்றிய சுண்ணச் சாந்து, விரல் வழுக்கும் அளவுக்கு மெழுகப்பட்டிருந்தது. கிரேக்கக் கோயிலின் தூணைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் நடிக்க வைத்தவர், இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் என்றும், 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, மேற்பார்வையிடும் காலத்தில் தங்குவதற்காக இதைக் கட்டுவித்தார் என்றும் அங்கேயே பாடம் நடந்தது.

சலாபம் நடந்தது மாசி, பங்குனியை ஒட்டிய சில வாரங்கள்தாம். சிப்பி விளையாத ஆண்டுகளில் அதுவும் இருந்ததில்லை. நோர்த் 1805இல் நாடு திரும்பிவிட்டார். ஆகவே, பிற்காலத்தில் கைவிடப்பட்டது என்று நாம் வருந்தும் இந்த மாளிகை, கட்டி முடித்த நாளிலிருந்தே பெரும்பாலும் ஆளின்றித்தான் கிடந்திருக்கிறது. மேட்டைக் கடல் அரிக்க அரிக்க, கடற்பக்கச் சுவர்கள் பாளம் பாளமாகப் பெயர்ந்து மணலில் விழுந்தன.

மாஸ்டர் சொன்னதில் பிழையில்லை. ஆயினும் அம்மம்மாவின் கதையை வெறும் அறியாமை என்று தள்ள எனக்கு இன்றும் மனம் வரவில்லை. கல்லைக் காலில் கொளுவிக் கடலுக்குள் இறங்கியவர்களும், சுறா தீண்டாதிருக்க மந்திரம் ஓதிய கடல்கட்டிகளும், கொட்டு எனப்படும் வேலியடைப்புகளில் அழுகும் சிப்பியின் நாற்றத்துக்குள் முத்துத் தேடியவர்களும் அந்தக் கரையில் தமக்கென்று ஒரு தூணையும் நிறுத்திவிட்டுப் போகவில்லை. 1905இல் சுமார் 8 கோடிச் சிப்பிகள் அள்ளப்பட்டன. மறு ஆண்டே, பார்கள் எனப்படும் சிப்பி விளையும் கடற்படுகைகள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பனியின் கைக்குப் போயின. சில ஆண்டுகளில் சிப்பியும் அற்றது, கம்பனியும் கலைந்தது. அந்தக் கரையோர மக்கள், முத்துக்கு உரியவள் என்று தாங்கள் பாடிய ராணிக்கே அந்த வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

லண்டன் வந்தபின், நோர்த் காலத்தில் இலங்கையிலிருந்த பாதிரியார் ஜேம்ஸ் கோடினர் 1807இல் வெளியிட்ட நூலில் அந்த மாளிகையைப் புகழ்ந்து எழுதிய பக்கங்களைப் பிரதியெடுத்து மாஸ்டருக்கு அனுப்பினேன். றசீது கிடைத்தது என்று தொடங்கிப் பதில் எழுதியிருந்தார். என் கடிதத்திலிருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பியும் அனுப்பியிருந்தார். "வீட்டின் கதை முழுவதும் நீ இருக்கும் ஊர் நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. இங்கே ஒவ்வொரு வாடைக் காற்றுக் காலத்துக்கும் எந்தச் சுவர் விழுந்தது என்று குறித்துவைக்கத்தான் ஆளில்லை, எனக்கு முழங்கால் இயலாது, லீவில் வந்தால் ஒரு அளவு நாடாவும் கொண்டு வா" என்று முடித்திருந்தார். லீவுக்கு ஊர் போன ஆண்டுகளிலெல்லாம் கலியாண வீடுகளுக்கே நாள் போதவில்லை.